பன்னிரண்டு குடம் தண்ணீர், ஐந்து ராத்தல் உப்பு

நெடுந்தூர ஓட்டக்காரர்களுக்குப் பயிற்சி முடிந்தபின் உப்புநீர்க் குளியல் கொடுக்கலாமா என்று உங்களில் இரண்டு பேர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். கொடுக்கலாம். எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் இப்போது புத்தகங்களிலேயே வந்துவிட்டது. அதைத் திரும்ப எழுதி உங்கள் நேரத்தை வாங்கப் போவதில்லை. உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த காலம் முழுவதும் நாட்குறிப்பு எழுதியிருக்கிறேன். நான் செய்த தவறுகளுக்கு மட்டும் சிவப்பு மையால் கோடு போட்டிருப்பேன். ஒரு வாரத்துக்கான பக்கங்களில் சிவப்புக் கோடு ஒன்று இருக்கிறது. என் பணிக்காலத்தில் நான் கண்ட மிகப்பெரிய காரியமும் அதே வாரத்தில்தான் இருக்கிறது. புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு அந்த வாரத்தைச் சொல்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. சிவகாசியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் டிரில் மாஸ்டராக இருந்தேன். காலையில் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருக்கும்போது சாலையில் ஒருவன் ஓடிப் போவான். வேட்டியை மடித்துக் கட்டியிருப்பான், கையில் தூக்குவாளி இருக்கும். ஏதோ அவசரம் என்று முதலில் நினைத்தேன். நான்காம் நாள் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறே முக்கால். மறுநாளும் ஆறே முக்கால். அதற்கடுத்த நாள் சாலைக்கு வந்து அவனை நிறுத்தினேன்.

"எங்கிருந்து வாரே?"

"தாயில்பட்டிக்கு இந்தப் பக்கம் சார். நாரணாபுரத்துல வேல. பட்டாசுக் கம்பெனி."

"ஆறு மைல் இருக்குமே. பஸ் இல்லையா?"

"பஸ்ஸுக்கு நின்னா லேட்டாயிரும் சார்."

அவன் மூச்சு, நின்றுகொண்டிருந்த என் மூச்சைப் போலவே சீராக இருந்தது. தூக்குவாளியைத் திறக்கச் சொன்னேன். விளிம்பு வரை கம்மங்கஞ்சி. மூடியின் உட்புறத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. எத்தனையோ ஓட்டக்காரர்களைப் பார்த்துவிட்டேன். அந்த உலர்ந்த மூடியைப்போல் எதுவும் என்னை வாயடைக்க வைத்ததில்லை.

அவன் பெயர் சீனிச்சாமி. விவசாயக் குடும்பம். இரண்டு வருடம் தொடர்ந்து மழை ஏமாற்றியதால் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் அறைக்கு வேலைக்குப் போயிருந்தான். அந்தச் சித்திரையில் அவன் பக்கத்தில் கொஞ்சம் மருந்து பற்றிக்கொண்டது. பெரிய விபத்து இல்லை, இரண்டு புருவமும் கருகியதோடு போயிற்று. ஆனால் அவன் மனைவி அழகம்மாவுக்கு அன்றிலிருந்து நிம்மதி இல்லை. நான் முதன்முதலாக அவர்கள் வீட்டுக்குப் போனபோது, உட்காரச் சொல்வதற்கு முன்பே கேட்டுவிட்டாள்.

"சார், இன்னைக்குப் புருவம். நாளைக்கு என்னன்னு யாரு கண்டா? இவுகள எங்கிட்டாச்சும் கொண்டுபோய்ச் சேத்துருங்க."

அதற்கு ஒரு வழி இருந்தது. மதுரையில் ஒரு பெரிய மில்லில் வருடந்தோறும் ஐப்பசியில் பதினைந்து மைல் ஓட்டம் நடத்துவார்கள். முதல் மூன்று இடங்களில் வருகிறவர்களுக்கு மில்லிலேயே வேலை. வயது இருபத்தைந்துக்குள் இருக்க வேண்டும். சீனிச்சாமிக்கு அந்த மார்கழியோடு இருபத்தைந்து முடிகிறது. ஆகவே இந்த ஓட்டம் ஒன்றுதான். இதில் வந்தால் மருந்து அறையிலிருந்து விடுதலை, வராவிட்டால் இல்லை.

வாரநாட்களில் கம்பெனிக்கு ஓடிப் போய் ஓடித் திரும்புவதே பன்னிரண்டு மைல். ஞாயிற்றுக்கிழமைகளில் பதினெட்டு மைல் ஓட வைத்தேன். மூன்றாவது வாரமே கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. சாலையில் ஆறே முக்கால், ஏழாயிற்று. பயிற்சிக் கல்லூரியில் எனக்கு ஆசிரியராக இருந்தவருக்கு எழுதினேன். அவர் பட்டாளத்தில் பயிற்சி கொடுத்தவர், தன் பெயர் எழுத்தில் வருவதை விரும்பாதவர். பதிலாக ஒரு கார்டு வந்தது. 'தொட்டி நிறைய இளஞ்சூட்டு நீர். ஐந்து ராத்தல் எப்சம் உப்பு. இருபது நிமிடம்.' அவ்வளவுதான்.

எப்சம் உப்பை நம் பக்கத்தில் பேதி உப்பு என்றுதான் அறிவார்கள். வயிற்றைச் சுத்தம் செய்ய ஒரு கரண்டி கரைத்துக் குடிப்பது. மருந்துக் கடையில் இருபது ராத்தல் கேட்டேன். கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டார்.

"இருபது ராத்தலா? பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாரம் லீவு விடப் போறீகளா சார்?"

"குடிக்க இல்லை. குளிக்க."

"குளிக்கவா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "வீட்டுல எல்லாரும் சௌக்கியந்தானே?"

தொட்டிக்கு எங்கே போவது? சீனிச்சாமி வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. தொழுவத்தில் மாடு தண்ணீர் குடிக்கும் கல்தொட்டி. ஓர் ஆள் கால் நீட்டி உட்காரலாம். மாடுகள் அப்போது ஊரில் இல்லை. சீனிச்சாமியின் அப்பா குருசாமி, புன்செய்க் காட்டில் வேலை இல்லாததால், அந்த ஜோடியை வண்டியில் பூட்டி ரயில் நிலையத்திலிருந்து அச்சாபீஸுகளுக்குக் காகித லோடு இழுத்துக்கொண்டு சிவகாசியிலேயே தங்கியிருந்தார். தொட்டி காய்ந்து கிடந்தது. டேப்பால் அளந்தேன். பன்னிரண்டு குடம் பிடிக்கும்.

"பன்னெண்டு கொடமா?" என்றாள் அழகம்மா. "சார், கல்யாணத்தன்னைக்கே இவுக மூணு கொடத்துலதான் குளிச்சாக. அதுவும் எண்ணெ தேச்சு."

அவள் சொன்னது விளையாட்டில்லை. ஊர்க்கிணற்றில் வீட்டுக்கு ஒரு நாளைக்கு நாலு குடம் என்று முறை. ஒருவர் கிணற்றடியில் உட்கார்ந்து குடத்துக்கு ஒரு புளியங்கொட்டை எண்ணிப் போடுவார். அந்தத் தண்ணீரும் உவர்ப்பு. குடிக்க வேண்டுமானால் வைப்பாற்று மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொள்ள வேண்டும். அழகம்மா இரண்டு வீடுகளின் ஞாயிற்றுக்கிழமை முறையை வாங்கிக்கொண்டு, வாரநாட்களில் தன் குடங்களை அவர்களுக்குத் திருப்பினாள். அந்த இரண்டு வீடுகளில் ஒன்று எதிர்வீட்டுக் காளியம்மாவுடையது. காளியம்மா தண்ணீரும் கொடுத்தாள், வாயும் கொடுத்தாள்.

"ஒருத்தன் காலு நனையிறதுக்கு ஒரு கெணறா? ராசா வீட்டுப் பிள்ளையக்கூட இப்படி ஊறப்போட மாட்டாக."

காய்ந்த பருத்திமார் எரித்து நாலு குடத்தைக் கொதிக்கவைத்தோம். மற்றதைச் சேர்த்து விளாவினோம். உப்பை நான் கரைத்தேன்; அது பேதி உப்பு என்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. சீனிச்சாமி வெட்கத்தோடு தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தான். தெருவே எட்டிப் பார்த்தது. நான் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் திங்கள். சாலையில் அவன் கடந்தபோது மணி ஆறே முக்கால்.

நாட்குறிப்பில் அந்த நேரத்தின் கீழே இரண்டு கோடு போட்டேன். உப்பினாலா, சூட்டினாலா, அல்லது இருபது நிமிடம் யாரும் வேலை ஏவாமல் அவன் உட்கார்ந்திருந்ததாலா? இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு மனித உடம்பு ஒரே இரவில் தன்னை இப்படி மீட்டுக்கொள்ளும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். தண்ணீரின் சூடு, உப்பின் எடை, நிமிடம், கெண்டைக்கால் சுற்றளவு என்று நாலு பத்தி பிரித்துக் கோடு போட்டு எழுதினேன். அந்த நாலு பத்திகளையும் அப்போது நான் முழுமையானவை என்று நினைத்தேன்.

முதல் இரண்டு ஞாயிறும் குளித்து முடிந்ததும் அழகம்மா அந்தத் தண்ணீரில் துணி துவைத்தாள். மீதியை முருங்கைக்கு ஊற்றினாள். தண்ணீரை யாராவது கொட்டுவார்களா? நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எழுதவில்லை.

மூன்றாவது ஞாயிறு, ஓட்டத்துக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கும்போது, மேற்கே மழைக் கருக்கல் கட்டியிருந்தது. குளியலை முடித்து, அளவெடுத்து, சீனிச்சாமியைத் தூங்கச் சொல்லிவிட்டு நான் சைக்கிளில் கிளம்பினேன். அழகம்மா குடத்தோடு ஆற்றுக்குப் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்துக் குருசாமி வந்திருக்கிறார். மேகத்தைப் பார்த்து, விதைப்பு வந்துவிட்டது என்று மாடுகளை ஓட்டிக்கொண்டு ஆறு மைல் வந்தவர். அவருக்குக் குளியல் விஷயம் தெரியாது. தொட்டி நிறையத் தண்ணீர் நிற்கிறது. மருமகள் மாட்டுக்காக இறைத்து வைத்திருக்கிறாள் என்று அவர் மனம் குளிர்ந்துபோயிருக்கிறது.

திங்கள் விடியும்போது மழை பிடித்தது. இரண்டு வருடத்தில் முதல் நல்ல மழை. ஈரத்தில் மருந்து காயாது என்பதால் கம்பெனிகளை மூடிவிட்டார்கள். செவ்வாய் மாலை இலேசான ஓட்டத்துக்குப் பள்ளி மைதானத்துக்கு வரச் சொல்லியிருந்தேன். சீனிச்சாமி வரவில்லை. சொன்ன நேரத்துக்கு அவன் வராமல் இருந்ததே கிடையாது. சைக்கிளை எடுத்தேன். சாலை விட்டு இறங்கியதும் கரிசல் மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு சைக்கிள் நகர மறுத்தது. கடைசி ஒரு மைல் அதை நான் தூக்கிச் சுமந்தேன்.

தொழுவத்தில் வெள்ளை, மயிலை இரண்டு மாடும் தலையைத் தொங்கப் போட்டு நின்றன. கண் உள்ளே போயிருந்தது. பின்னங்கால் இரண்டும் நனைந்து, தரையெல்லாம் தண்ணீராகக் கழிச்சல். குருசாமி வைக்கோலால் மாட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். சீனிச்சாமி கழிச்சலை வாரிக்கொண்டிருந்தான்.

"வாங்க வாத்தியாரய்யா. நேத்து விடியங்காட்டி ஆரம்பிச்சது. இன்னும் நிக்கல."

எனக்கு விளங்கிவிட்டது. தொட்டியைப் பார்த்தேன். காலியாக இருந்தது. அடியில் தவிடு ஒட்டிக் காய்ந்திருந்தது.

"சிவகாசில நல்லாத்தான் இருந்துச்சு. இங்கன வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சதோட சரி," என்றவர், எதிர்வீட்டைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "தண்ணி மொறைக்கு வாயப் போட்டாளாமே. அவதான் தொட்டில என்னத்தையோ போட்டுருக்கா. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வாரேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

நண்பர்களே, என் பணிக்காலத்தில் முடிவெடுக்க எனக்குக் கிடைத்த நேரங்களிலேயே மிகக் குறைந்தது அதுதான். தொழுவத்திலிருந்து வாசலுக்குப் பத்து எட்டு வைத்தால் போதும். நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. சீனிச்சாமி என் நோட்டின்மீது வைத்திருக்கும் நம்பிக்கையும் ஞாயிறு வரை குலையாமல் இருக்கும். ஓட்டக்காரனின் மனம் கலங்கக் கூடாது என்று ஒரு நல்ல காரணமும் கையில் இருந்தது. அந்த நல்ல காரணத்தைக் கண்டுதான் நான் பயந்தேன். அவர் ஏழாவது எட்டு வைக்கும்போது சொன்னேன்.

"நில்லுங்கண்ணே. தொட்டியில போட்டது நான்."

அவர் திரும்பினார். "நீங்க என்னத்தப் போட்டீக?"

"பேதி உப்பு. சீனி குளிக்கிறதுக்கு."

"எம்புட்டு?"

"அஞ்சு ராத்தல்."

"மனுசனுக்கு எம்புட்டுக் குடுப்பாக?"

"ஒரு கரண்டி."

குருசாமி மெதுவாகத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். மகனைப் பார்த்தார்.

"ஏலே, நீ குளிச்ச தண்ணியாலே அது?"

"ஆமாய்யா."

"வெள்ள மொகத்தத் திருப்புச்சு," என்றார். என்னிடம் சொல்கிறாரா, மாட்டிடம் சொல்கிறாரா என்று தெரியவில்லை. "மொகத்தத் திருப்புச்சு. நாந்தான் தவிட்டப் போட்டு, பருத்திப்பால ஊத்தி, நல்லாத்தாண்டா இருக்கு குடின்னு கையால அள்ளி அள்ளிக் குடுத்தேன்."

அடுப்படியிலிருந்து அழகம்மாவின் குரல் வந்தது.

"ஏன் சார், மாட்டையும் மதுரைக்கு ஓட விடப் போறீகளா?"

முதலில் சிரித்தது குருசாமிதான். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எதிர்வீட்டு வாசலில் காளியம்மா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள். "என்னமோ ரெண்டுல ஒண்ணு கேக்கணும்னீகளே மாமா, கேளுங்க," என்றாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

உடம்பிலிருந்து போன தண்ணீர் உடம்புக்குத் திரும்ப வேண்டும். மனிதனுக்கும் மாட்டுக்கும் அதில் வேறுபாடு இல்லை. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் மோருமாகச் சிறிது சிறிதாகக் கொடுக்க வைத்தேன். இரவு சாப்பாட்டு நேரத்துக்குள் மயிலை காதை ஆட்டியது. உயிருக்குப் பயமில்லை என்று தெரிந்தது. ஆனால் நாலைந்து நாளைக்கு நுகம் வைக்க முடியாது.

"ஈரம் ரெண்டு நாள்தான் நிக்கும்," என்றார் குருசாமி.

கரிசல் காட்டை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். மழை விட்டதும் சேறு, கால் வைக்க முடியாது. பிறகு இரண்டு நாள் பதம். அதற்குள் விதை மண்ணுக்குள் போகாவிட்டால் மேல்மண் இறுகிப்போகும். ஊரில் எல்லோருக்கும் அதே இரண்டு நாள். இரவல் கேட்க ஒரு ஜோடி மாடுகூடக் கிடையாது.

சீனிச்சாமி சுவரில் சாய்த்திருந்த இலேசான விதைக் கலப்பையைத் தூக்கிப் பார்த்தான். நான் எழுந்து நின்றேன்.

"ஞாயித்துக்கிழமை ஓட்டம்."

"தெரியும் சார்."

"காலுக்கு ஓய்வு வேணும். அதுக்குத்தானே இம்புட்டும்."

"ரெண்டு வருசமா அந்தக் காடு ஓய்வாத்தான் கெடக்கு சார். போதும்."

அழகம்மாவைப் பார்த்தேன். அவனை மருந்து அறையிலிருந்து எடுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டவள் அவள்தான். அவள் தடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கலப்பையில் கட்டும் கயிற்றின் ஒரு நுனியை எடுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள், பலமாக இருக்கிறதா என்று.

இரண்டு நாளைக்குப் பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, புதன் விடியலில் போனேன். கணவனும் மனைவியும் நெஞ்சில் கோணிச் சாக்கை மடித்து வைத்து, அதன்மேல் கயிற்றைப் போட்டுக்கொண்டு இழுத்தார்கள். குருசாமி மேழி பிடித்தார். பின்னால் நான் உழவுச் சாலில் சோளம் போட்டுக்கொண்டு போனேன்.

"சார், உப்புப் போடுற மாதிரி அள்ளிப் போடாதீக," என்றாள் அழகம்மா, திரும்பிப் பார்க்காமலே.

மதியத்துக்குமேல் அவளை விதை போடச் சொல்லிவிட்டு நான் கயிற்றுக்குள் போனேன். எனக்கு அப்போது முப்பத்தேழு வயது. தினமும் உடற்பயிற்சி செய்பவன். ஒவ்வோர் அடிக்கும் மண் கணுக்காலைப் பிடித்து வைத்துக்கொண்டது. ஆறு சால் இழுத்தேன். ஏழாவதற்குத் திரும்பும்போது என் தொடை தானாக நடுங்கத் தொடங்கியது. நிறுத்த முடியவில்லை. அழகம்மா விதைக் கூடையை என் கையில் கொடுத்துவிட்டுக் கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

பக்கத்தில் நின்று இழுத்தபோதுதான் சீனிச்சாமியின் மூச்சைக் கேட்டேன். சாலையில் நான் நிறுத்திய அன்று கேட்ட அதே மூச்சு. வேகம் குறைந்திருந்தது, ஆனால் ஒழுங்கு குலையவில்லை. கஞ்சி சிந்தாத அந்த நடையை அவன் எங்கே கற்றான் என்று எனக்கு அன்று தெரிந்தது. எந்த மைதானமும் அவனுக்கு அதைக் கொடுக்கவில்லை. நான் கொடுத்ததும் இல்லை.

வியாழன் பொழுது சாயும்போது இரண்டு ஏக்கரும் முடிந்தது. ஒரு சாலின் நீளத்தை எட்டு வைத்து அளந்து, சால்களின் எண்ணிக்கையோடு பெருக்கிப் பார்த்தேன். பத்து மைலுக்கு மேல் வந்தது. நாட்குறிப்பில் மைல் எழுதும் கட்டத்தில் அதை எழுதப் பேனாவை வைத்தேன். கை ஓடவில்லை. அந்தக் கட்டம் ஓட்டத்துக்கானது. இதற்கு ஒரு கட்டம் என்னிடம் இல்லை. இரண்டு நாளையும் காலியாக விட்டேன். இன்றும் காலியாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை மதியம் மதுரைக்குப் பஸ். காலையில் போனபோது சீனிச்சாமி சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தான். கடைசி ஐந்து ராத்தல் உப்பு என் பையில் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் மறுபடி தண்ணீர் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தொழுவத்துக்குள் தேய்க்கிற சத்தம் கேட்டது. குருசாமி செங்கல் தூளால் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மாட்ட அங்கிட்டு வேம்புல கட்டிட்டேன்," என்றார். "ரெட்ட முடிச்சு."

சிறிது நேரத்தில் வாசலில் குடங்கள் வரத் தொடங்கின. ஒருவரையும் அழைக்கவில்லை என்று அழகம்மா பின்னால் சத்தியம் செய்தாள். வீட்டுக்கு ஒரு குடம். மழையில் கிணறு நாலு படி ஏறியிருந்தது, அவ்வளவுதான். புளியங்கொட்டைக் கணக்கு இன்னும் எடுபடவில்லை. தங்கள் நாலில் ஒன்றைக் கொண்டுவந்து தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். நான் எண்ணிக்கொண்டே நின்றேன். பன்னிரண்டோடு தொட்டி நிறைந்துவிட்டது. அதன் பிறகு காளியம்மா வந்தாள்.

"தொட்டுப் பாத்துக்கிருங்க மாமா. வெறுந் தண்ணிதான்," என்றாள்.

தொட்டியில் இடமில்லை. நாலு குடத்தை மொண்டு கொதிக்கவைத்து விளாவி, உப்பைக் கரைத்தேன். சீனிச்சாமி உள்ளே உட்கார்ந்ததும் அந்தப் பதின்மூன்றாவது குடத்தை அவன் தலையில் ஊற்றினாள். "ஓடு போ," என்றாள்.

இருபது நிமிடம் கழித்து அவன் எழுந்தான். சுவரைப் பிடிக்காமல் நடந்தான். நான் வாளியை எடுத்தேன். தொட்டித் தண்ணீர் முழுவதையும் நானே மொண்டு, மாடு போகாத கொல்லைக் கோடியில் முருங்கைக்கும் அதற்கப்பால் வேலிக்கும் ஊற்றினேன். ஒரு சொட்டு நிற்காமல் துடைத்து, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினேன். குருசாமி விரலால் அடித்தளத்தைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கசக்கல," என்றார்.

அன்று பஸ்ஸில் உட்கார்ந்துதான் நோட்டில் ஐந்தாவது பத்திக்குக் கோடு போட்டேன். 'தண்ணீர் போன இடம்.' நீங்களும் அந்தப் பத்தியைப் போட்டுக்கொள்ளுங்கள். பயிற்சி ஓட்டக்காரனின் உடம்போடு முடிவதில்லை. அவன் வீட்டில் யார் என்ன குடிக்கிறார்கள் என்பது வரை அது போகும்.

ஓட்டம் காலை ஆறரைக்குத் தொடங்கியது. முப்பத்தொரு பேர். பத்தாவது மைலில் சீனிச்சாமி இரண்டாவதாக வந்தான். இரண்டு நாள் ஏர் இழுத்த மனிதன் அது என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சொன்னேன். யாரும் நம்பவில்லை. பதின்மூன்றில் மூன்றாவது. வாடகைச் சைக்கிளில் முந்திப் போய்க் கடைசித் திருப்பத்தில் நின்றிருந்தேன். என்னைக் கடக்கும்போது "கால் இல்ல சார்" என்றான். முகத்தில் வலி இருந்தது, மூச்சில் இல்லை. அவனுக்குப் பின்னால் ஒருவன் நெருங்கிக்கொண்டிருந்தான்.

ஒரு மணி முப்பத்தெட்டு நிமிடம். நான்காவது. மூன்றாமவனுக்கும் அவனுக்கும் இடையே முப்பது கஜம்.

முப்பது கஜத்துக்கு எத்தனை சால் என்று என் மனம் தானாகக் கணக்குப் போட்டது. ஒரு சாலில் கால்வாசிகூட இல்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். சீனிச்சாமி என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பசிக்குது சார்," என்றான். திரும்பும்போது விருதுநகர் வரை என் தோளில் தலை வைத்துத் தூங்கினான். நான் அசையவில்லை.

அன்று இரவு இருவரும் சிவகாசியில் என் அறையில் தங்கினோம். திங்கள் காலை அவனை வீட்டில் விடப் போனேன். ஊருக்குள் நுழையும்போது அழகம்மா கிணற்றிலிருந்து வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் குடம். எங்கள் முகத்தைப் பார்த்தாள்.

"எத்தனாவது?"

"நாலாவது," என்றான் சீனிச்சாமி.

நான் தரையைப் பார்த்தேன். மூன்று பேருக்குத்தான் வேலை என்று அவளுக்குத் தெரியும். புருவம் கருகி அவன் வந்த நாளை அவள் மறந்திருக்கவும் மாட்டாள். குடத்தை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள்.

"மொளச்சிருச்சு சார்," என்றாள். "வந்து பாருங்க."

அந்தக் காடு அந்த வருடம் ஏமாற்றவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தையில் கதிர் அறுத்தார்கள். வீட்டுக்கு வருடச் சாப்பாடும் மாட்டுக்குச் சோளத்தட்டையும் சேர்ந்தது. சீனிச்சாமி அதன் பிறகு மருந்து அறைப் பக்கம் போகவில்லை. அவன் வெளியேற நான் ஒரே ஒரு வாசலைத்தான் பார்த்திருந்தேன். அது மதுரையில் இருந்தது. இன்னொரு வாசலை அவர்கள் இரண்டு பேரும் நெஞ்சில் கயிறு போட்டு இழுத்துத் திறந்துகொண்டார்கள். ஆனால் அந்தத் திங்கட்கிழமை எங்களுக்கு இது எதுவும் தெரியாது.

வரப்பில் போய் நின்றோம். கருப்பு மண்ணில் ஊசிப் பச்சை, வரிசை வரிசையாக, காட்டின் மறுகோடி வரை. மாடு இழுத்த நேர்த்தி அதில் இல்லை. ஆனாலும் எல்லாச் சாலும் ஒன்றையொன்று ஒட்டி ஒழுங்காகவே போயின. நடுவில் ஓரிடத்தில் மட்டும் சில சால்கள் வளைந்து நெளிந்து கிடந்தன.

"அந்தா, அந்த ஆறும் ஒங்களுது," என்றாள் அழகம்மா.

"எப்படித் தெரியும்?"

"பாம்பு போன மாதிரி இருக்கே."

குனிந்து பார்த்தேன். பழக்கம் விடாமல், அந்த ஆறையும் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நடந்தே பார்த்தேன். ஆறு சாலிலும் ஓரிடம் விடாமல் முளைத்திருந்தது.